இரண்டாம் எண் தட்டு

எங்கள் ஊர் மேற்கத்திய இசைக்குழுவில் எனக்குக் ‘காது’ என்று பட்டப்பெயர். ஒத்திகைக் கூடத்துக்குள் நான் நுழைந்தால் வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, காது வந்தாயிற்று என்று கிசுகிசுப்பார்கள். அதைப் பாராட்டு என்றே இருபது வருடமாக எடுத்துக்கொண்டிருந்தேன். நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இசைத்தட்டு விமர்சனம் எழுதுகிறவனுக்கு வேறென்ன பட்டம் வேண்டும் என்ற தலைக்கனம்.

அன்று சனிக்கிழமை. பிற்பகல் நான்கு மணிக்கு என் மச்சானுக்கு அந்தக் கூடத்தில் பிரிவுபசார விழா. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். முப்பத்தோரு வருடம் அந்தக் குழுவில் ஃப்ளூட் வாசித்தவர். செயலாளர் இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும், பேசி முடித்ததும் அந்த ரஷ்ய பாலே நடன இசைத்தட்டிலிருந்து ஒரு பகுதியைப் போட வேண்டும் என்றார். தனி வாசிப்புக்குரிய முதல் நாற்காலியில் மச்சான் உட்கார்ந்து வாசித்துப் பதிவான கடைசித் தட்டு அதுதானே என்று வேறு சொன்னார். குத்திக் காட்டினாரா, சும்மா சொன்னாரா தெரியவில்லை. மச்சானை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பியது என் விமர்சனம்.

ஆறு வருடத்துக்கு முன் நடந்தது. அந்த பாலேவின் முழு இசை இரண்டரை மணி நேரம் ஓடும். நடனமே இல்லாமல் கச்சேரி மேடையில் வாசிப்பதற்காக இசையமைப்பாளர் அதிலிருந்து சில பகுதிகளை எடுத்து, அரை மணி நேரத் தொகுப்புகளாக இரண்டு கோத்திருந்தார். இப்படிக் கோத்ததற்கு சூட் என்று பெயர். எங்கள் குழு அந்த இரண்டு சூட்டுகளையும் பதிவு செய்து தட்டு வெளியிட்டது. ஏற்கெனவே கடையில் கிடைத்த இரண்டு தட்டுகளோடு அதை ஒப்பிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒன்று பழைய காலத்துப் பதிவு. இன்னொன்று, உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடும் ஒரு பெரிய குழுவின் பதிவு.

என்னிடம் ஒரு முறை உண்டு. யார் வாசிப்பு என்று தெரியாமல்தான் கேட்பேன். நான் அறைக்கு வெளியே நிற்க, என் மனைவி ஒவ்வொரு தட்டின் நடுவிலும் இருக்கும் பெயர்ச்சீட்டின் மேல் வெள்ளைக் காகித வட்டம் ஒன்றை ஒட்டி அதில் எண் போடுவாள். எந்த எண் எந்தக் குழு என்ற பட்டியலைத் தனியாக எழுதி, ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுவாள். கேட்டு, நோட்டில் குறிப்பெழுதி முடித்த பிறகுதான் அந்த உறையைப் பிரிப்பேன். வேண்டியவன் வேண்டாதவன் எல்லோருக்கும் ஒரே தராசு என்று இந்த முறையைப் பற்றி வாய் கிழியப் பேசியிருக்கிறேன். பெருமையாக இரண்டு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

அந்தத் தடவை இரண்டாம் எண் என்னை உலுக்கிவிட்டது. முதல் சூட்டின் நான்காவது பகுதியில், நாயகி தனியாக நிற்கும் கட்டத்துக்கு ஒரே ஒரு ஃப்ளூட் நீளமாக வாசிக்க வேண்டும். நோட்டில் இப்படி எழுதினேன்: ‘நூலை இழுப்பதுபோல் அறுபடாமல் போகிறது. கடைசி ஸ்வரத்துக்குச் சற்று முன் சின்னதாக ஒரு மூச்சு. அது நமக்கும் கேட்கிறது. அழப்போகிறவர் அழுகைக்கு முன் எடுக்கும் மூச்சு அது. இதற்காகவே இந்தத் தட்டை வாங்கலாம்.’ மூன்றாம் எண்ணுக்கு, ‘அவசரம், வறட்சி, கடமைக்கு ஊதியது’ என்று எழுதினேன்.

உறையைப் பிரித்தேன். இரண்டாம் எண் எங்கள் ஊர்க் குழு என்றது பட்டியல். மூன்றாம் எண் அந்தப் பெரிய குழு.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் மச்சானை எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் பனியனோடு குந்தி உட்கார்ந்து சரிசெய்கிறவர். சாப்பிட்டதும் எங்கள் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறவர். அந்த மூச்சு இந்த வாயிலிருந்து வந்திருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

“ஏம்மா, ரெண்டையும் மூணையும் மாத்தி எழுதிட்டியே” என்றேன்.

“இல்லீங்க, சரியாத்தான் எழுதியிருக்கேன். வேணும்னா தட்டுல ஒட்டின பேப்பரைப் பிரிச்சுப் பாருங்க.”

“பிரிச்சுத்தான் பார்க்கணுமா? என் காதுக்குத் தெரியாதா?”

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணன் மேல் பாசம் இருக்க வேண்டியதுதான், அதை என் வேலையில் நுழைக்காதே என்றும் சொன்னேன்.  அவள் மூன்று தட்டையும் உறைகளில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வழக்கமாக ஈரத்துணி வைத்துக் காகித வட்டங்களை அவளே பிரித்துவிடுவாள். அன்று பிரிக்கவில்லை. அதன் பிறகு என் தட்டுகளுக்கு எண் போட அவள் வரவும் இல்லை. நானும் அந்த முறையைச் சத்தமில்லாமல் கைவிட்டேன்.

குறிப்புகளில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. குழுக்களின் பெயரை மட்டும் இடம் மாற்றி அச்சுக்கு அனுப்பினேன். சொந்த மச்சானையே விட்டுவைக்காத நேர்மை என்று ஆசிரியர் முதுகில் தட்டினார். மறு மாதம் இசைக்குழுவின் நடத்துநர், என் விமர்சனத்தைக் கூட்டத்தில் படித்துக் காட்டிவிட்டு, மச்சானை மூன்றாவது நாற்காலிக்கு மாற்றினார். மூன்றாவது நாற்காலிக்குத் தனி வாசிப்பு கிடையாது. பாதி நேரம் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் முறை வரும்வரை தாளத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படி ஆறு வருடம் எண்ணினார். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை, என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. பெரிய மனது என்று நான்கூட மெச்சிக்கொண்டேன்.

விழாவுக்குத் தட்டு வேண்டுமே என்று அந்தச் சனிக்கிழமை மதியம் அலமாரியைத் திறந்தேன். நாற்காலி போடுவதற்கு உதவ என் மனைவி முன்னாலேயே போயிருந்தாள். எதைப் போட்டால் மச்சானின் மானம் அதிகம் போகாது என்பதுதான் என் கவலை. சத்தமான அணிவகுப்புப் பகுதியைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். உறையிலிருந்து தட்டை உருவினேன். நடுவில் வெள்ளைக் காகித வட்டம் அப்படியே இருந்தது. அதில் என் மனைவியின் கையெழுத்தில் இரண்டு.

மாறிப்போய் வேறு உறையில் வைத்திருப்பாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஈரத்துணியை வைத்து ஓரத்தை நகத்தால் நெம்பினேன். முதலில் எங்கள் குழுவின் முத்திரை தெரிந்தது, பிறகு நடத்துநர் பெயர், கீழே பொடி எழுத்தில் தனி வாசிப்பு, ஃப்ளூட், மச்சானின் பெயர். மூன்றாம் எண் தட்டையும் எடுத்துப் பிரித்தேன். அது பெரிய குழு. பழைய நோட்டைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். என் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கேட்டதை நம்பாதவன் நான்.

வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள், ஆனாலும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காகித வட்டத்தை மறுபடி ஒட்டிவிடலாமா என்று கோந்துப் புட்டியைத் தேடினேன். கிடைத்தும் விட்டது. ஆனால் வட்டம் ஈரத்தில் இரண்டாகக் கிழிந்துபோயிருந்தது.

கூடத்துக்குப் போனபோது மணி மூன்றரை. மச்சான் பின்னால் இருந்த வாத்திய அறையில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலையில் நேர் வகிடு. என்னைப் பார்த்ததும், வாங்க மாப்பிள்ளை என்று நாற்காலியிலிருந்த துணியை எடுத்து இடம் செய்தார். நான் உட்காரவில்லை. நோட்டையும் கிழிந்த வட்டத்தையும் அவர் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பட்டியல் சரியாக இருந்ததை, அவர் தங்கை பிரித்துப் பார்க்கச் சொன்னதை, நான் மறுத்ததை. ஞாயிறு இணைப்பில் திருத்தம் போடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் நோட்டைத் தொடவே இல்லை. ஃப்ளூட் பெட்டியைத் திறந்து, துடைக்கும் துணிக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாளிதழ்த் துண்டு. பழுப்பேறி, மடிப்பில் நைந்துபோயிருந்தது. என் விமர்சனத்தில் மூன்றாவது பத்தி மட்டும் கத்தரித்திருந்தது. பெரிய குழுவைப் புகழ்ந்து நான் எழுதிய பத்தி.

“அந்த இடத்துல மூச்சு எடுக்கக் கூடாது மாப்பிள்ளை” என்றார். “அதுக்கு ரெண்டு வரி முன்னாடியே எடுத்துட்டுப் போகணும். அன்னிக்கு எனக்குச் சளி, தாக்குப்பிடிக்க முடியல. மறுபடி பதிவு பண்ண நேரமில்லைன்னு அப்படியே விட்டுட்டாங்க. உலகத்துல வேற எவனும் அங்க மூச்சு எடுக்க மாட்டான். படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு, இது நான்தான்னு.”

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 

“யார்கிட்ட சொல்றது? உங்க காதுமேல சந்தேகப்பட்டா என் தங்கச்சி வீட்டுல சண்டை. விடுன்னு அவகிட்டயும் நான்தான் சொன்னேன்.” தாளை ஒரு விரலால் நீவினார். “என்னைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லா எழுதினதில்ல. பேரு மட்டும்தானே இல்ல, போகட்டும்னு வெச்சுக்கிட்டேன்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதிலும் ஒரு அற்ப ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் நல்ல மனுஷன், பழைய கதை எதற்கு மாப்பிள்ளை, மேடையில் வாழ்த்திப் பேசிவிட்டு இறங்குங்கள் என்று சொல்லிவிடுவார் என்று காத்து நின்றேன். செயலாளர் கதவில் தலையை நீட்டி, எல்லோரும் வந்தாயிற்று என்றார்.

மச்சான் பெட்டியை மூடினார். தாளை என் கையிலேயே விட்டுவிட்டார்.

“பேப்பர்ல போடறது இருக்கட்டும். இதை மேடையில படிங்க மாப்பிள்ளை. பேரை மட்டும் மாத்திப் படிங்க.”

கூடத்தில் எண்பது பேர் இருப்பார்கள். முன் வரிசையில் நடத்துநர், பக்கத்தில் மச்சானின் மனைவி, அவருக்கு அடுத்து என் மனைவி. எழுதி எடுத்துப்போயிருந்த பேச்சைப் பையிலேயே வைத்துவிட்டேன். தாளைப் பிரித்துப் படித்தேன். பெரிய குழுவின் பெயர் வந்த இடத்தில் எங்கள் குழுவின் பெயரையும், ஃப்ளூட் என்று வந்த இடத்தில் மச்சானின் பெயரையும் படித்தேன். நான்கே வரிதான். இரண்டு தடவை வரி தப்பியது. வயலின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடத்துநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இது ஆறு வருடத்துக்கு முன்பே இப்படி வந்திருக்க வேண்டும், வராததற்குக் காரணம் என் திமிர் என்றேன். யாரும் கைதட்டவில்லை. அணிவகுப்புப் பகுதியை விட்டு, நான்காவது பகுதியில் ஊசியை வைத்தேன். ஃப்ளூட் தொடங்கியது, நீண்டது, கடைசி ஸ்வரத்துக்கு முன் அந்த மூச்சு வந்தது. மேடை ஓரத்தில் மச்சான் அந்த இடத்தில் லேசாக முகம் சுளித்தார், இன்றைக்கும் அது தப்புத்தான் என்பதுபோல.

தட்டு நின்றதும் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டேன்.

“என் மனைவி எழுதின பட்டியல் சரியாத்தான் இருந்துச்சு” என்றேன்.

கூடத்தில் இருந்த யாருக்கும் அது புரிந்திருக்காது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.