ஜன்னல் சட்டம் நேராகத்தான் இருக்கிறது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் நகைச்சுவைக் கதையாகத்தான் எழுத ஆரம்பித்தேன். என் அக்கா கேமரா மாற்றிய கதை. அக்கா கட்டடங்களைப் படமெடுப்பவள். புது வீடு, அலுவலகம், மாடிப்படி என்று பொறியாளர்கள் கூப்பிடும் இடத்துக்கெல்லாம் தோள்பையோடு போய்விடுவாள். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்தப் படங்களால்தான். நான் எழுதுகிறேன், அதாவது வீட்டில் இருக்கிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

கருங்கல் மாதிரி கனத்த பழைய கேமராவை மூட்டைகட்டி வைத்துவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற மிரர்லெஸ் கேமரா ஒன்றை அக்கா வாங்கிவந்த அன்று வீட்டில் ஒரே

(ஒரே கொண்டாட்டம் என்று முடிப்பதாக இருந்தேன். கை ஓடவில்லை. அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

2

அக்கா ஏன் மாற்றினாள் என்று சொல்ல வேண்டும். 'கனம் தாங்கல, தோள்பட்டை போச்சு' என்றுதான் ஊரெல்லாம் சொன்னாள். அது பாதி உண்மை.

பழைய கேமராவின் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியாக வரும் காட்சி அதில் பட்டு மேலே ஏறி, நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு வரும். சில மாதங்களாக அந்த வியூஃபைண்டரின் நடுவில் ஏதோ அழுக்கு என்று அக்கா புலம்பினாள். கதவு நிலையைப் பார்த்தால் நடுவில் லேசாக வளைகிறதாம். எடுத்த படத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தாலோ எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர். ஆகவே லென்ஸில் கோளாறு இல்லை, உள்ளே இருக்கும் கண்ணாடியில்தான் கோளாறு. யோசித்துப் பாருங்கள், கச்சிதமான தர்க்கம். நானும் தலையாட்டினேன்.

கேமரா பழுது பார்க்கிறவரை நாங்கள் கேமரா டாக்டர் என்போம். பிரித்துப் போட்டுத் துடைத்து, மறுபடி மாட்டி, ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்கு நேராத்தான் தெரியுது மேடம்."

"நல்லாப் பாருங்க. நடுவுல."

"நடுவுலயும் நேராத்தான் இருக்கு."

"அப்ப முதல்ல உங்க கண்ணைக் கொண்டுபோய் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள் அக்கா. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன ஒரு வசனம், கதைக்கு ஆகும் என்று மனதில் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

"கண்ணாடி இருந்தாத்தானே தொல்லை? கண்ணாடியே இல்லாததை வாங்கிடறேன்" என்று அங்கிருந்தே கிளம்பிவிட்டாள்.

3

புதிய கேமராவுக்குள் கண்ணாடி கிடையாது. வியூஃபைண்டரில் தெரிவது குட்டித் திரைதான்.

கூடத்து ஜன்னலை நோக்கி அக்கா அதைத் தூக்கினாள். இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணை வைத்தாள்.* கேமராவை இறக்கினாள். துப்பட்டா நுனியால் வியூஃபைண்டரைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். மறுபடி துடைத்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. புதுசுல்ல, செட்டிங்ஸ் பாக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்: "டேய், இந்த ஜன்னல் சட்டம் நேராத்தானே இருக்கு?"

"நேராத்தான் இருக்கு."

"அதானே" என்றாள். "இதுலயும் பீஸ் சரியில்ல போல. மாத்தித் தரச் சொல்லணும்."

அவள் சமையலறைக்குப் போனதும் நான் கேமராவை எடுத்துப் பார்த்தேன். சட்டம் நேராக இருந்தது. இரண்டு கேமராவுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்காவின் வலது கண்.

* மற்ற நேரமெல்லாம் இரண்டு கண்ணும் திறந்திருக்கும். ஒன்றின் குறையை இன்னொன்று மூடி மறைத்துவிடும். கணினியில் படம் நேராகத் தெரிந்தது அதனால்தான். இந்தக் குறிப்பை நகைச்சுவைக் கதையில் எங்கே வைப்பது?

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: புதிய கேமராவிலும் கோளாறு. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு வேறு தருகிறார். அதில் எல்லாம் நேர். இதைத் தனித் தாளில், மூன்றாம் பகுதிக்குப் பதிலாக வைக்கலாம் என்று எழுதினேன். வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. பொய்க்கு எப்போதுமே என் கை நன்றாக ஓடும்.

இரண்டு: கண் மருத்துவர், நல்லவேளை இப்பவே வந்தீங்க என்கிறார்.

மூன்று: மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு அக்காவிடம், இவ்வளவு நாள் ஏன்

(முடியவில்லை.)

கதாபாத்திரம் என்றால் ஒரு வரியில் மருத்துவரிடம் அனுப்பிவிடலாம். அக்காவிடம் வாயைத் திறந்து சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லாதவரை அது கேமராவின் கோளாறு. சொன்ன நொடியிலிருந்து அவளுடைய கோளாறு. தாமதிக்கத் தாமதிக்கக் கெட்டுப்போகிற கோளாறாக இருந்தால்? அப்படியானால் நான் உட்கார்ந்து முடிவுகளைச் செதுக்கிக்கொண்டிருக்கும் இந்த நேரம்கூட அவள் கண்ணிலிருந்துதான் போகிறது.

5

அக்கா வந்துவிட்டாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். நின்றபடியே தாளைப் பிடுங்கிச் சிவப்புப் பேனாவால் அடிப்பது அவள் வழக்கம். இன்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடா, என் கேமரா கதையா?"

"ஆமா." தாள்களை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "நீயே படிச்சுக் காட்டு. கண்ணு அசதியா இருக்கு."

படிக்க ஆரம்பித்தேன். நான் வீட்டில் இருப்பதாக எழுதியதற்கு, "ஒத்துக்கிட்டியே" என்றாள். கருங்கல்லுக்குச் சிரித்தாள். கேமரா டாக்டரை அவள் கிண்டல் செய்த இடம் வந்தது. சிரிப்புச் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையில் கேமரா இல்லை.

"ம், அப்புறம்?" என்கிறாள்.

என் கையில் மூன்றாம் பகுதி இரண்டு தாள்களாக இருக்கிறது. கோளாறு கேமராவில் என்பது ஒன்று. நீங்கள் படித்தது இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றி மேலே வைக்கிறேன், தாள்களின் சத்தம் அவளுக்கும் கேட்கும்.

"படிடா" என்கிறாள் அக்கா, கையை எடுக்காமல்.

நீங்கள் சொல்லுங்கள், எதைப் படிக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.