திங்கட்கிழமை எட்டு மணி அறிக்கை

காத்தான்குடியில் கைத்தறிச் சேலைக்கடை வைத்திருக்கும் சித்தி நபீஸா என்ற பெண், திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு நளீருக்குத் தொலைபேசி எடுத்தார். நளீர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எதிர்மேசையில் இருந்த விதுர்ஷாவுக்கும் கேட்டது.

“தம்பி, ஒங்களோட வேல செஞ்சு மௌத்தான புள்ளட பேரில இண்டைக்கும் மெயில் வந்திரிக்கி. நாலாவது தடவ. தொறக்கப் பயமா இரிக்கி. அந்தப் பேரக் கொஞ்சம் எடுத்திடுங்க.”

“மன்னிச்சிடுங்க ராத்தா. இந்தக் கிழமைக்குள்ள எடுத்திர்றம்,” என்றான் நளீர்.

மட்டக்களப்பு நகரில், ஒரு மருந்துக்கடைக்கு மேலிருந்த அந்த மாடி அறையில் மூன்று பேர் வேலை செய்தார்கள். மூன்றாவது ஆளான நிதுர்ஷனை டெங்குக் காய்ச்சல் நான்கே நாளில் கொண்டுபோய்விட்டது.

கடைகளுக்கு இணையத்தில் விளம்பரம் போடுவது அவர்கள் தொழில். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைக் கோடும் கட்டமுமாகக் காட்டும் அறிக்கைகளைச் செய்தவன் நிதுர்ஷன். செய்து வைத்துவிட்டால் போதும், வாரந்தோறும் திங்கட்கிழமை எட்டு மணிக்கு அது தானாகவே கடைக்காரருக்குப் போய்விடும். ஒரே ஒரு பிழை. தொடக்கத்தில் அவன் தனியாளாக இருந்ததால் பதினான்கு அறிக்கைகளும் அவனுடைய கணக்கிலேயே ஓடின. அந்தக் கணக்கை மூடினால் அத்தனை கோடுகளும் மறைந்துபோகும். மூடாவிட்டால், இறந்தவன் கிழமைக்கு ஒருமுறை கடிதம் போட்டுக்கொண்டிருப்பான்.

“எல்லாத்தையும் உன்ட பேருக்கு மாத்து புள்ள,” என்றான் நளீர். “வெள்ளிக்கிழமை கணக்க மூடுவம்.”

விதுர்ஷா ஒவ்வொன்றாக மாற்றினாள். ‘உரிமையாளர்: நிதுர்ஷன்’ என்று இருந்த இடத்தில் தன் பெயரைப் போட்டாள். மாற்றியதும் பழைய அனுப்புகை நின்றுபோகும். யார் யாருக்கு அனுப்ப வேண்டுமென்று புதிதாகப் போட வேண்டும். அதற்காக முகவரிகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். கை எழுதியது, மனம் வாசிக்கவில்லை.

சேலைக்கடை அறிக்கை கடைசியாக வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதையும் மாற்றி, நளீர் நிதுர்ஷனின் கணக்கை மூடிய பிறகுதான் தாளைப் பார்த்து முகவரிகளைத் தட்டத் தொடங்கினாள். முதலாவது சித்தி நபீஸா. இரண்டாவது நளீர். மூன்றாவதில் கதிர்காமத்தம்பி என்று இருந்தது.

அது நிதுர்ஷனின் அப்பா பெயர். பழுகாமத்தில் வேளாண்மை செய்கிறவர். அவருக்கு எதற்குச் சேலைக்கடை அறிக்கை? விரலை எடுத்துவிட்டாள். தன் பெயரில் அவருக்கு அனுப்பவும் முடியவில்லை, அவரை விட்டுவிடவும் முடியவில்லை.

மறுநாள் களுவாஞ்சிக்குடியில் பஸ் மாறி, பட்டிருப்புப் பாலம் கடந்து பழுகாமத்துக்குப் போனாள். வீட்டுக்குள் பெண்கள் மா வறுத்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்துத் தகரக் கொட்டிலுக்குக் கீழே கதிர்காமத்தம்பி அவளுக்குக் கதிரை போட்டு உட்கார வைத்தார். அவள் சொல்லத் தொடங்குமுன் அவரே போனை எடுத்து நீட்டினார்.

“பிள்ள, இந்தக் கோடு என்னத்துக்கு இறங்குது?”

சேலைக்கடையின் பன்னிரண்டு கிழமை விற்பனைக் கோடு. கடைசி நான்கு கிழமையும் சரிந்துகொண்டே வந்திருந்தது.

“விளம்பரத்த நாளாந்தம் பாத்துத் திருத்தோணும் ஐயா. நிதுர்ஷன்தான் பாத்தவர். பிறகு ஒருத்தரும் பாக்கல்ல.”

அவர் தலையாட்டினார். அந்தப் பதிலை அவர் முன்னமே கண்டுபிடித்திருந்தார் போலிருந்தது.

“என்ன வேல செய்யிறான் மகன் எண்டு ஊரில கேட்டா, ஃபேன் காத்துக்குள்ள இருந்து கோடு கீறுறான் எண்டு சொல்லுவன். எல்லாரும் சிரிப்பாங்க. அவனுக்கும் கேட்டிருக்கும். ‘அப்பா, கிழமைக்கு ஒருக்கா இதப் பாருங்க, நான் செய்யிறது விளங்கும்’ எண்டு போனில ஏத்தித் தந்தான். நான் ஒண்டையும் திறக்கல்ல. இருவத்தேழு அப்பிடியே கிடக்கு.”

மழை தகரத்தில் தூறிவிட்டு ஓய்ந்தது.

“செத்து மூண்டாம் நாள் காலம, போன் சத்தம் போட்டிச்சு. பாத்தா அவன்ட பேர். அண்டைக்குத்தான் திறந்த. மறுகா ஒவ்வொரு திங்களும் இறங்கி இறங்கி வருது. அவன் இத விழ விடாமப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கான் பிள்ள. நான்தான் கோடு கீறுறான் எண்டு சொல்லித் திரிஞ்ச.”

விதுர்ஷா போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“வாற திங்கள் அவன்ட முப்பத்தொண்டாம் நாள். அதுவரைக்கும் அவன் வீட்டச் சுத்தித்தானே நிப்பான். அண்டைக்கும் வரும் தானே இது?”



“வராது ஐயா. நேத்து நான் எல்லாத்தையும் என்ட பேருக்கு மாத்திப்போட்டன். அவர்ட கணக்க மூடியாச்சு. உங்களுக்கும் போகுது எண்டு எனக்குத் தெரியா.”

“மறுகாத் திறக்க ஏலாதா?”

“ஏலா ஐயா.”

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேட்டித் தலைப்பால் போனின் முகப்பைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

“அப்ப போன திங்கள் வந்ததுதான் கடைசி.”

“ஓம்.”

“அத நான் வயல் வட்டைக்குள்ள சேத்தில நிண்டு அவசரமாப் பாத்த. வாய்க்கால் உடைஞ்சுபோச்சு எண்டு கூப்பிட்டாங்க. கடைசி எண்டு தெரிஞ்சிருந்தா வரம்பில ஏறி நிண்டு ஆறுதலாப் பாத்திருப்பன்.”

உள்ளே யாரோ மாவை அரிக்கத் தொடங்கினார்கள்.

“திங்கக்கிழமையில இருந்து நான் அனுப்பட்டா ஐயா? அதே அறிக்கைதான். பேர் மட்டும் என்ட பேரா இருக்கும்.”

கதிர்காமத்தம்பி போனில் இறங்கிக் கிடந்த கோட்டின் நுனியில் பெருவிரலை வைத்தார்.

“இனி நீதானே இதப் பாப்பாய்?”

“ஓம்.”

“நீ பாத்தா இது மறுகா ஏறும், என்ன?”

ஏறாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஏற்றுவதற்காகத்தான் நளீர் அவளிடம் கொடுத்திருக்கிறான்.

“ஏறும் ஐயா.”

“அப்ப அனுப்பாத பிள்ள. ஏறத்தான் வேணும், அந்தக் கடக்காரப் பொம்பிளயும் பிழைக்கோணும். ஆனா அவன் இல்லாம அது ஏறுறத நான் பாக்க ஏலா. எனக்குத் திறக்காதது இருவத்தேழு கிடக்கு. அது போதும்.”

தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தாள். மழை மீண்டும் தூறத் தொடங்கியதால் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுவரைக்கும் கூட வந்தார். களுவாஞ்சிக்குடிக்குப் போகும் பஸ் வர முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவளுக்குக் குடை பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.