பெரட்டுக்கு வந்த கால்

நவமணியின் இடது கால், ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்ட மூன்றாம் நாள், விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்துப் பெரட்டில், வேலையாட்கள் பேர் கொடுக்கும் வரிசையில், வந்து நின்றது. அன்று லேசான தூறல். பேர் கூப்பிடும் மண்டோர் ஜெயபாலன் டார்ச் அடித்துப் பார்த்தார். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டப் போன கால், கணுவில் அட்டை கடித்த தழும்பு, சந்தேகத்துக்கு இடமில்லை. "நவமணி," என்றார். கால் ஒரு குதி குதித்தது. வருகை போட்டுவிட்டார். ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்ததால் காலுக்கு முதலில் வேலை பிடிபடவில்லை. நாலே நாளில் உதிர்ந்த பழங்களை எத்தி எத்திக் குவிக்கக் கற்றுக்கொண்டது. இரண்டு கால்காரர்களைவிடச் சுத்தம் என்று பேரும் வாங்கியது.

கால் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை, அது வழக்கமாக நடப்பதுதான். ரப்பர் நின்ற பிறகு நவமணி குனோங் ராபாட்டில் செகப்பி ஆச்சி வீட்டில் வேலை பார்த்தாள். இருவருக்கும் அறுபத்தாறு வயது, இருவருக்கும் இனிப்புநீர் எனும் சர்க்கரை வியாதி, ஒரே வாரத்தில் இருவர் பாதத்திலும் மிளகளவு புண். ஆச்சிக்கு மகன் காரெடுத்தான், இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள், பதினோரு நாளில் ஆறியது. "நீயும் போயிக் காட்டு நவமணி," என்றார் ஆச்சி. "லீவு போட்டா வீட்டை யார் ஆச்சி கூட்டுறது?"

இப்போது வலது பாதத்திலும் புண். வாரம் மூன்று முறை கட்டுப் போடாவிட்டால் மூன்று மாதத்தில் அதையும் எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளினிக்கில் முப்பது பேருக்குத்தான் நம்பர், ஆறரைக்குள் தீர்ந்துவிடும். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து முதல் பஸ்ஸே ஏழரைக்கு. நாலு முறை போய் நாலு முறையும் திரும்பினாள். புண் ஐம்பது காசு அகலத்துக்கு வந்தது. சமூகநல உதவி கொடுக்கும் கெபாஜிக்கான் ஆபீசில் வேன் கேட்டாள். அதிகாரி ஷாமினி கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க தினமும் வேலைக்குப் போறீங்க. வருகை இருக்கு லா."

"அது என் காலும்மா."

"உங்க பேர்லதானே போகுது?"

மறுநாள் நவமணி ஊன்றுகோலோடு பெரட்டுக்கு வந்தாள். "அண்ணே, என் பேரை வெட்டிடுங்க."

"வேலைய விடுற ஆள்தான் ரேகை வைக்கணும். கால் வைக்கட்டும்."

ரேகை வைக்கக் காலுக்குப் பெருவிரல் வேண்டுமே, அதைப் போன வருஷமே எடுத்துவிட்டார்கள். ஜெயபாலனுக்கும் சங்கடம்தான்.

நவமணி கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தாள். கால் எதிரே வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் அதனிடம் அவள் பேசியதே இல்லை. முதல் பேச்சே திட்டாகப் போயிற்று.

"உனக்கு மூளை இருக்கா?"

காலுக்கு இல்லை.

"இருட்டுல எழுந்து யாருக்கோ பழம் கூட்டுறே. நான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத இடத்துக்குப் போடி."

வலது பாதத்துக் கட்டை அவிழ்த்துக் காட்டினாள். கால் அசையவில்லை. ஜெயபாலன் வருகைப் புத்தகத்தைத் திறந்தபடி காத்திருந்தார். பக்கம் தூறலில் நனைந்துகொண்டிருந்தது. பிறகு கால் திரும்பி, கிளினிக் இருக்கும் பத்து காஜா ரோட்டில் தத்தித் தத்திப் போனது.

அன்று கிளினிக் வரிசையில் அது பதினேழாவது. காவலாளி நம்பர் சீட்டை விரலிடுக்கில் சொருகிவிட்டார். எட்டரைக்கு நவமணி வந்து சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. வலது கால் இருக்கிறது. வேன் இன்னும் வரவில்லை. வரிசையில் இப்போது ஒன்பது கால்கள் நிற்கின்றன, தொலைவிலுள்ள தெலுக் இந்தானிலிருந்து வந்தவை இரண்டு. மற்றவர்கள் மிதித்துவிடாமல் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள்.