இரவல் போன குன்று

காவிக்குன்றை லாரிகள் அள்ளிக்கொண்டு போய் ஆறு வருஷமாகியும் அதன் நிழல் போகவில்லை. காலையில் மேற்கே நீண்டு, மாலையில் கிழக்கே நீண்டு, குன்று இருந்தபோது விழுந்த மாதிரியே வெறுந்தரையில் விழுந்தது. அந்தப் பொட்டலில் ஆடு மேய்த்து வாழும் ஹிம்பா இனத்தார் முதல் வாரம் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். இரண்டாவது வாரம் ஆடுகளைக் கொண்டுவந்து அதில் மடக்கினார்கள்.

அங்கே எந்தப் பெண்ணும் காவிக்கல்லைத் தோண்டினேன் என்று சொல்லமாட்டாள். இரவல் வாங்கினேன் என்பாள். இடித்து வெண்ணெயில் குழைத்து வெயிலுக்குப் பூசிக்கொள்வாள், செத்தால் பூசிய காவியோடே மண்ணுக்குள் போவாள். வாங்கியது திரும்பிவிடும். வெயிலுக்குப் பூசும் களிம்பு விற்கிற கம்பெனிக்காரர்களும் இரவல் என்றுதான் கேட்டார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்களோ. தலைவர் ஜிகுவா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பூசிக்கிறவங்கள எங்க பொதைப்பீங்க?"

மொழிபெயர்க்க வந்தவன் விழித்துவிட்டு, அவரவர் ஊரில்தான் என்றான். எந்த ஊரானாலும் மண்தானே என்று ஜிகுவா கைநாட்டு வைத்தார். டப்பாவின் மேல் கடலுக்குக் கேடு செய்யாத இயற்கைக் களிம்பு என்று எழுதியிருந்ததாம். பூசியவர்கள் கடலில் குளித்தார்கள், காவி கடலோடு போயிற்று. மீன்கள் நன்றாயிருப்பதாகக் கேள்வி. நன்றாயிருக்கட்டும்.

வெசெம்பாவுக்கு மீன் கவலை இல்லை. அவள் மகள் கவுனா உடம்பில் நிறமே இல்லாமல் பிறந்தவள், பாலாடை மாதிரி. காவி இருந்தவரை மற்றப் பெண்களைப் போலச் சிவப்பாக ஆடு மேய்த்தாள். இப்போது காதோரம் ஒரு புண், எட்டு மாதமாக ஆறவில்லை. இன்னும் ஒரு கோடை வெயிலில் நின்றால் பிழைக்கமாட்டாள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். குடிசைக்குள் முடங்கினால் ஆட்டை யார் மேய்ப்பது? ஆடு இல்லாவிட்டால் கஞ்சியும் இல்லை. மழை பொய்த்து மரங்களும் மொட்டையாக நின்றன. குன்றின் நிழலோ நடுப்பகலில் ஓர் ஆட்டுத்தோல் அளவுக்குச் சுருங்கிவிடும். அதில் கவுனா முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து உட்காருவாள். வெசெம்பா பக்கத்தில் நின்று வெயிலைத் திட்டுவாள். வெயிலுக்குக் காது ஏது?

பக்கத்துக் குடியிருப்பில் மிச்சம் வைத்திருந்த காவியைப் பூசிவந்த ஒரு கிழவி செத்து, வழியில் வண்டி உடைந்ததால் குன்று இருந்த இடத்திலேயே புதைத்தார்கள். மறுநாள் நடுப்பகலில் நிழல் ஒரு சாண் கூடியிருந்தது. வெசெம்பா தோலை விரித்துப் பார்த்தாள், சாண்தான், குறையவில்லை. அன்றே ஊரெல்லாம் அலைந்து பழைய தோல்பாவாடை, சடை, சட்டி என்று ஒட்டியிருந்த காவியையெல்லாம் சுரண்டிப் பொறுக்கி, அந்த இடத்தில் ஒரு குழி தோண்டிக் கொட்டி மூடினாள். நிழல் அசையவில்லை. இரவல் வாங்கிய உடம்பும் சேர்ந்து வந்தால்தான் அது திரும்பினதாகும் என்று அப்போதுதான் புரிந்தது. குழியைத் தோண்டி எடுத்து, மொத்தக் காவியையும் தன் மேல் பூசத் தொடங்கினாள், அடுக்கு மேல் அடுக்காக. சாப்பாட்டையும் மகள் பக்கம் தள்ளிவிட்டாள். கவுனாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு வேணாம்மா அந்த நிழலு."

"உன்ன யாருடி கேட்டா?"

குன்று இருந்த இடத்திலேயே தன்னைப் புதைக்கவேண்டும் என்று ஜிகுவாவிடம் போய்க் கேட்டாள். அவர் ஒப்பவில்லை. முன்னோர் கிடக்கிற இடத்தில் கிடப்பதுதானே முறை?

"புருஷன் பக்கத்துல படுக்காம, பொட்டல்ல போயி எதுக்குப் படுக்கணும்ங்குற?"

"அவருக்கு வெயிலு சுடலையே, பெரியப்பா."

அவர் முன்னோருக்காக அணையாமல் காக்கும் புனித நெருப்பில் ஒரு சுள்ளியைப் போட்டுவிட்டு, சரி என்றார். கோடை பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு வெசெம்பா செத்தாள். காவியின் கனத்தில் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. கவுனா மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் ஆடுகள் இழுத்துப்போயின.

இப்போது நடுப்பகலில் அவளால் காலை நீட்டி உட்கார முடிகிறது.