ரோவேனாவின் மட்டை படவில்லை

1.
இந்தக் கதை ஒரு வாட்ஸப் செய்தியிலிருந்து பிறந்தது. கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மானங்கெட்டவளுக்கும் ஆசை இருக்கும் இல்லையா?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மணிலாவில் அன்று நல்ல மழை..." அடித்துவிட்டேன். ஸ்குவாஷ் நாலு சுவருக்குள் ஆடுவது. மழைக்கு அங்கே என்ன வேலை?

2.
நேராகவே சொல்கிறேன். வட்டார விளையாட்டு விழா, பெண்கள் அரையிறுதி. மலேசியாவுக்கு நான், பிலிப்பீன்ஸுக்கு ரோவேனா. என்னைவிட நாலு வயது சின்னவள். இரண்டு கேம் தோற்று, மூன்றாவதிலும் 4–9 என்று திணறிக்கொண்டிருந்தேன். மூலைப் பந்தை எட்டி அடித்தபோது என் மட்டையே சுவரில் மோதித் திரும்பி என் உதட்டைக் கிழித்தது. அதே நொடி பின்னால் அவளும் மட்டையை ஓங்கியிருந்தாள்.

[இங்கே "விதி விளையாடியது" என்று எழுதியிருந்தேன். விதி ஒன்றும் விளையாடவில்லை. நான்தான்.]

கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருந்த நடுவர் அவள் ஓங்கியதை மட்டும் பார்த்திருந்தார். "அவங்க மட்டையா பட்டுச்சு?" என்று கேட்டார். நான் தலையை

இந்த வாக்கியத்தை முடிக்க ஒரு வாரம் ஆனது. ஆட்டினேன்.

ஆபத்தான வீச்சு என்று தீர்ப்பு. காயம்பட்டவருக்கே வெற்றி. ரோவேனா ஐஸ் பையோடு அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"அக்கா, சத்தியமா வேணும்னு செய்யல. பட்டதுகூட எனக்குத் தெரியலக்கா!"

"பரவால்ல லா, விடு," என்றேன். மன்னித்தேனாம்! அவளை, நான்!

இறுதியில் தோற்று வெள்ளி வாங்கினேன். அவள் அதற்குப் பிறகு எந்த இறுதி ஆட்டத்துக்கும் போகவில்லை.

3.
என் கோச் ஹமிடாவை வில்லியாக்கிப் பார்த்தேன், "வாய மூடிட்டு இரு" என்று அவர் என் காதில் ஓதியதாக. பொய். அவர் அப்போது தண்ணீர் நிரப்பப் போயிருந்தார்.

4.
பன்னிரண்டு வருடம் கழித்து, போன மாதம் அந்தச் செய்தி வந்தது. ரோவேனா இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்.

"அக்கா, பிள்ளைங்கள கோலாலம்பூருக்குக் கூட்டிட்டு வரேன். மட்டைய அகலமா வீசாதீங்கன்னா கேக்கவே மாட்டேங்குதுங்க. நீங்க வந்து அந்தத் தழும்பக் காட்டுங்களேன். என்னால உங்களுக்கு வந்தத அதுங்க பாக்கட்டும்."

"வரேன்" என்று பதில் போட்டுவிட்டேன். வரும் சனிக்கிழமை.

மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் பிள்ளைகள் முன்னாலேயே உண்மையைச் சொல்கிறேன். இன்னொன்றில் காய்ச்சல் என்று போகாமல் இருந்துவிடுகிறேன். மூன்றாவதில் உதட்டைக் காட்டிவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அதுதான் நன்றாக வந்திருக்கிறது.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அவளுக்குத் தமிழ் தெரியாது; அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழாக்கியது நான். சீ, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களில் யாருக்காவது அவள் மொழி தெரிந்திருக்கலாம், இதை அவளிடம் சொல்லியும்விடலாம். கோச்சின் பெயரை மாற்றிவிட்டேன். ரோவேனாவின் பெயரை மாற்றவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.