அழுகாத சாமி

பிணத்தைக் கண்டு ஒருநாளும் குமட்டாத மதிவதனிக்கு, அன்று சந்தன வாசனையில் குமட்டியது. டீன் அறையில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் சந்தனத்தை நெற்றியிலும் கழுத்திலும் அள்ளி அப்பியிருந்தார்கள். மேசைமேல் பெரிய ரோஜா மாலை ஒன்று பிளாஸ்டிக் பையோடு கிடந்தது. பக்கத்துக் கட்டடத்தில், உடற்கூறு கூடத்து மேசையில் கிடக்கும் ஒரு கிழவருக்காக வாங்கி வந்த மாலை அது.

அந்தக் கிழவர் யாரென்று யாருக்கும் தெரியாது. காவி கட்டிக்கொண்டு செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் சுவரோரம் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்தார். காய்ச்சலில் செத்தார். தேடி வர நாதியில்லை. போலீஸ் எழுதிக்கொடுக்க, உடல் இந்தத் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு வந்தது. மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக ஃபார்மலின் ஏற்றிக் கெடாமல் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து, முதலாண்டுப் பையன் ஒருவன் கிழவரின் முகத்தோடு தன் முகத்தை ஒட்டி வைத்து செல்ஃபி எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். படம் ஊரைச் சுற்றியது. 'செத்து ஆறு மாதமாகியும் அழுகாத சாமி' என்று எவனோ கீழே எழுதிவிட்டான். அவ்வளவுதான். வாசலில் படுக்கிறார் என்று பக்கெட் தண்ணீரை மேலே ஊற்றி எழுப்பிய லாட்ஜ்காரருக்குக்கூட பக்தி பொங்கிவிட்டது.

பொங்கிய பக்தியில் முதல் அகப்பையைப் போட வந்தவர் மணிவேல். வேங்கிக்கால் தாண்டி இவர் பிரித்துப் போட்ட மனைகள் விற்காமல் முள் முளைத்துக் கிடந்தன. நடுவே ஒரு சித்தர் சமாதி வந்துவிட்டால் போதும்.

"மேடம், எங்க குருநாதருங்க. எட்டு வருஷமா கூடவே இருந்தோம். பாடிய குடுத்துட்டீங்கன்னா ஜீவசமாதி கட்டிடுவோம்," என்றார் மணிவேல். குரல் தழுதழுத்தது. கண்ணில் மட்டும் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"செத்தவருக்கு எப்படிங்க ஜீவசமாதி?"

"அதெல்லாம் ஜனங்க பாக்க மாட்டாங்க மேடம். ஆனா சமாதினா உக்காந்த வாக்குல வெக்கணும். பாடி கட்டையாட்டம் வெறச்சிக் கீதாமே. எப்டினா பத்மாசனத்துல மடக்கிக் குடுத்துடுங்க."

டீன் பிரசாத் நெளிந்து சிரித்தான். ஒரு காலத்தில் மதிவதனியிடம் உடற்கூறு படித்தவன். "மேடம் நெனச்சா முடியும் சார். இடுப்புகிட்ட, முட்டிகிட்ட எந்தத் தசைநாரை அறுத்தா கால் மடங்கும்னு இந்த ஜில்லாவுலயே அவங்களுக்குத்தான் தெரியும்." பிறகு அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "அப்படியே எதிக்ஸ் கமிட்டித் தலைவரா, பாடிய குடுக்கலாம்னு ஒரு லெட்டர், மேடம். திறப்பு விழாவுல அஞ்சு நிமிஷம் பேச்சு. தியானம் பண்றவங்க மூளை நம்ம மூளை மாதிரி இல்லைன்னு. நீங்க சொன்னா மரியாதை ஜாஸ்தி."

மதிவதனி அவனையே பார்த்தாள். உடற்கூறில் தொடங்கினாள், பெங்களூருக்குப் போய் மறதி நோயில் செத்தவர்களின் மூளைகளைச் சீவிச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாதி ஆயுளைக் கழித்தாள், கடைசியில், செத்தவனுக்கும் ஒரு மானம் உண்டு என்று பேசும் மருத்துவ அறநெறிக்கு வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வருஷம். அந்த மூன்று படிப்புக்கும் இந்த அறையில் ஒரே நேரத்தில் வேலை கிடைத்திருந்தது. அறுக்க ஒன்று, கையெழுத்துப் போட ஒன்று, பொய் சொல்ல ஒன்று. சீ, இதற்கா படித்தோம் என்றிருந்தது.

ஆனால் சட்டென்று எழுந்து போகவும் முடியவில்லை. மணிவேல் பிடித்துக்கொண்டு வந்தது அவள் போட்ட விதியைத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் காணாமல்போன மகனின் உடலைத் தேடிக்கொண்டு கல்லூரிக்கு வந்தாள். ரேஷன் கார்டு இல்லை, எந்தக் காகிதமும் இல்லை என்று விரட்டிவிட்டார்கள். அவள் மகன் உள்ளே மேசையில்தான் கிடந்தான். அந்தத் தாய் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து அழுத அழுகையை மதிவதனியால் மறக்க முடியவில்லை. கமிட்டிகளில் வருஷக்கணக்காகச் சண்டை போட்டு ஒரு விதியைக் கொண்டுவந்தாள். உடலைக் கேட்டு வருகிறவர் காகிதம் காட்ட வேண்டாம். உடலில் இருக்கும் ஓர் அடையாளத்தைச் சரியாகச் சொன்னால் போதும், கொடுத்துவிட வேண்டும். இப்போது சரியாகச் சொல்லிவிட்டால் கிழவர் மணிவேலுக்குத்தான். கால் தசைநாரை அறுத்து மடக்க இவள் இல்லாவிட்டால் இன்னொருவர்.

"என்ன அடையாளம் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

மணிவேல் காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். "இடது புருவத்துக்கு மேல நீட்டுக்கு ஒரு தழும்பு மேடம். சின்ன வயசுல மாடு முட்டினது. அவரே வாயால சொன்னாரு."

"இடதா? நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"எட்டு வருஷமா இந்தக் கையால திருநீறு பூசி விட்டவன் மேடம் நான். எனக்குத் தெரியாதா? இடதுதான்." கூட வந்த மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

மதிவதனி எழுந்தாள். "வாங்க, உங்க குருநாதரப் பாக்கலாம்."

கூடத்துக்குள் நுழைந்ததுமே ஃபார்மலின் நெடி மூக்கிலும் கண்ணிலும் ஏறியது. சீடர்கள் நால்வரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மேசைக்கு அருகே வரச்சொன்னால் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்தார்கள். மதிவதனி முகத்துணியை விலக்கினாள். காலையிலேயே வந்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தாள். யாரைப்பற்றிப் பேசப்போகிறோமோ அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது அவள் பழக்கம். தழும்பு இருந்தது. வலது புருவத்துக்கு மேலே.

"பிரசாத், அந்த செல்ஃபியக் காட்டு."

அவன் செல்லை நீட்டினான். படத்தில் தழும்பு இடது பக்கம் இருந்தது. பையனின் வெள்ளைக் கோட்டில் தைத்திருந்த கல்லூரிப் பெயரும் இடவலம் மாறி, வலமிருந்து இடமாக ஓடியது. முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் இடம் மாற்றிக் காட்டியிருந்தது.

"எட்டு வருஷமா திருநீறு பூசினீங்க," என்றாள் மதிவதனி. "இந்தப் படத்துக்கா?"

யாராவது தலைகுனிவார்கள் என்று நினைத்தாள். இந்த வயதிலும் அப்படி நினைத்த தன் அசட்டுத்தனத்தை என்ன சொல்ல. மணிவேல் துண்டை மூக்கிலிருந்து எடுக்காமலே டீனிடம் திரும்பினார்.

"சார், வேற பாடி எதுனா கீதா? தழும்பு கிழும்பு இல்லாததா?"

காய்கறிக் கடையில் சொத்தையை ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கேட்பதுபோல் கேட்டார். பிரசாத் உடனே இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து மேசைகளை ஒரு சுற்றுப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் மதிவதனிக்கு உடம்பெல்லாம் கூசியது. இவனுக்கு நான்தானே பாடம் எடுத்தேன் என்று நினைத்தபோது தன் நாக்கே கசந்தது.

"வெளிய போங்க," என்றாள். குரல் கூடத்தில் எதிரொலித்தது. "எல்லாரும்!"

மணிவேல் கூட்டம் போனபின் அவள் பிரசாத்திடம் சொன்னாள். "வலது புருவத்துக்கு மேல தழும்பு. அடையாளம் நான் சொல்லிட்டேன். விதிப்படி இவர என்கிட்ட குடு."

"நீங்களும் டேபிள்ல பாத்துதானே மேடம் சொல்றீங்க?"

அது சுருக்கென்று தைத்தது. செங்கம் ரோட்டில் எத்தனையோ தடவை அந்தக் கிழவரைத் தாண்டி நடந்திருக்கிறாள். ஒருநாள்கூட முகத்தைப் பார்த்ததில்லை. "ஆமாடா, டேபிள்லதான் பாத்தேன்," என்றாள். "ஆனா இவர வெச்சு எனக்கு விக்கிறதுக்கு மனை இல்ல."

மறுநாள் சுடுகாட்டில், குழி வெட்டிய ஆள் கேட்டார். "சாமியாருனா உக்கார வெச்சுதானேம்மா?" மதிவதனி தலையசைத்து மறுத்தாள். "நீட்டியே படுக்கட்டும்ங்க. உயிரோட இருந்தப்பதான் ஒரு இடத்துல நிம்மதியா படுக்க விடல."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

அடுத்த மாதம் ஒரு வேலையாக கலெக்டர் ஆபீசுக்கு ஆட்டோவில் போனவள், வேங்கிக்கால் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள். மனைகளுக்கு நடுவே டைல்ஸ் பதித்த சமாதி. மேலே லிங்கம், முன்னால் பூட்டுப் போட்ட உண்டியல். உள்ளே மண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது. வரிசையில் நின்ற ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஃப்ளெக்ஸில் அதே செல்ஃபி, பையனை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு. தழும்பு இடது பக்கமே இருந்தது. அதற்குக் கீழே மதிவதனியின் படம். கல்லூரி இணையதளத்திலிருந்து எடுத்திருந்தார்கள். 'உடற்கூறு நிபுணர், மூளை விஞ்ஞானி, அறநெறி அறிஞர் டாக்டர் மதிவதனி கண்டு வியந்த மகான்!'

ஓரமாக நின்ற கொய்யாக்காரரிடம் கத்தியை வாங்கிக்கொண்டு நேராக ஃப்ளெக்ஸிடம் போனாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கத்தியைப் பிடித்தாலும் கை நடுங்கவில்லை. தன் முகத்தைத் தாடையோடு சுற்றி அறுத்து எடுத்தாள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வரிசையை விட்டு அவளிடம் ஓடிவந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், கண் சொருகியிருந்தது.

"சாமி படமாம்மா? எனக்கும் ஒரு துண்டு வெட்டிக் குடும்மா."

"இது சாமி இல்லம்மா. இது நான். உள்ள யாருமே இல்ல. புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ."

"நீயா இருந்தா இன்னாம்மா, சமாதியாண்ட இருந்தது தானே?"

அந்தப் பெண் மதிவதனியின் கையிலிருந்து அவள் முகத்தைப் பிடுங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதைக் குழந்தையின் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டே மறுபடி வரிசையில் போய் நின்றாள்.

மதிவதனி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தாள்.