வெள்ளைப் பூ இரண்டு, சிவப்பு ஒன்று

குருமூர்த்திக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று நாமக்கல் வட்டாரத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. முட்டை விலை இறங்கினால் ஏன் இறங்கியது என்று சொல்வார். மறுநாள் ஏறினால் அது ஏறும் என்று நேற்றே தெரியும் என்பார். கோழிப் பண்ணைகளும், ஒரு மெட்ரிக் பள்ளியின் தாளாளர் பதவியும், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியும் உடையவர். அதனால் தம்பி சென்னிமலையின் மனைவி வேலுமணிக்குக் கருப்பையில் புற்று என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே, அதற்கு என்ன வைத்தியம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கோயமுத்தூரு போறோம். பெரிய டாக்டரு, நமக்கு வேண்டப்பட்டவரு. மொத்தத்தையும் வழிச்சு எடுத்துறோணும். ஒண்ணு மிச்சம் வெக்கப்படாது."

எதையெல்லாம் என்று கேட்டிருந்தால் திணறியிருப்பார். யாரும் கேட்கவில்லை. சென்னிமலை தலையாட்டினார். அண்ணன் பேசினால் ஆடுவதற்கென்றே பழகிய தலை அது.

வேலுமணி ஆட்டவில்லை. சேலத்தில் டாக்டர் அனிதாவிடம் அவள் கேட்டுவிட்டு வந்த கதை வேறு.

கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தே ஆகவேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை என்றிருந்தார் அனிதா. கேள்வியெல்லாம் இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளைப் பற்றியது. புற்று பரவினால் முதலில் அங்கேதான் போய் ஒண்டும். முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது ஒரு வழி. சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் புற்று இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடுவது இன்னொரு வழி.

"இதுல எது நல்லதுங்க சாமி?" என்று கேட்டாள் வேலுமணி.

"தெரியாதும்மா," என்றார் அனிதா.

வேலுமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வார்த்தையை எந்தப் பெரிய மனுஷர் வாயிலிருந்தும் அவள் கேட்டதில்லை. இந்தப் பெண் இவ்வளவு படித்துவிட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு உட்கார்ந்துகொண்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல் சொல்கிறது.

"சின்னதா எடுத்தாப் போதும்னு நாங்க நினைக்கிறோம். எல்லாத்தையும் எடுத்தா வர்ற கால் வீக்கம் இதுல குறையும்னும் நினைக்கிறோம். ஆனா நினைக்கிறது வேற, தெரியறது வேற இல்லீங்களா? அதுக்குத்தான் இங்க ஒரு ஆராய்ச்சி நடத்தறோம். சேர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஒரு முறை, பாதிப் பேருக்கு இன்னொண்ணு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும். அதை என்னாலயும் மாத்த முடியாது, எங்க பெரிய டாக்டராலயும் மாத்த முடியாது. சேராட்டியும் உங்களுக்கு ஆபரேஷன் உண்டு. முடிவு உங்களோடது. ஆனா தள்ளிப் போடாதீங்க."

வேலுமணிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயி ஞாபகம் வந்தாள். இதே நோய், எல்லா முடிச்சையும் எடுத்த ஆபரேஷன். உயிர் தங்கியது. இடது கால் வாழைமரமாக வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் போனது.

"அவளுக்கு அத்தனையும் எடுத்தது தேவைதானான்னு இன்னும் ஆருக்கும் தெரியலீங்கிறீங்க."

"ஆமாங்க."

"ஆராச்சும் சேந்தாத்தான தெரியும்," என்ற வேலுமணி, "கையெழுத்து எங்கூட்டுக்காரரு போடோணுமா?" என்று கேட்டாள்.

"உங்க உடம்புக்கு நீங்க போட்டாப் போதும்மா."

இந்த விவரத்தைக் கேட்ட குருமூர்த்திக்குக் காபி புரையேறியது.

"ஆராய்ச்சியா? நம்மூட்டுப் பொம்பள என்ன எலியா? நாளைக்கு நாலு பேரு என்னையக் கேக்க மாட்டானா, காசுக்கு வழியில்லாம தம்பி பொண்டாட்டிய ஆராய்ச்சிக்கு உட்டீங்களான்னு? அதுலயும் கம்ப்யூட்டரு சீட்டுக் குலுக்கிப் போட்டு வயித்த அறுக்குமாமா. காட்டுமிராண்டித்தனம்."

"போன கோடைக்கு பண்ணைல ரெண்டு ஷெட்டுல ரெண்டு தீவனம் போட்டுப் பாத்தீங்களே மாமா," என்றாள் வேலுமணி. "எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியலைன்னுதான போட்டீங்க?"

"அது கோழி, அம்மிணி."

"கோழிக்கு அவ்வளவு மெனக்கெட்டீங்க. பொம்பளைக்கு மட்டும் குத்துமதிப்பாப் போதுங்களா?"

சென்னிமலை சுவரில் இருந்த பல்லியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். குருமூர்த்தி பங்காளிகளைக் கூப்பிட்டார். பங்காளிகள் வந்து, சாப்பிட்டு, ஆளுக்கொரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, ஆடி மாசம் வேறு என்று இழுத்தார்கள். பேச்சு எங்கும் போய்ச் சேராததால் குருமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"நம்ம பேச்சு எதுக்கு? அம்மன்கிட்டப் பூக் கேட்டுரலாம். அவ சொல்றதுதான் முடிவு. வெள்ளைப் பூ வந்தா சேலம். செவப்பு வந்தா கோயமுத்தூரு."

சீட்டுக் குலுக்குவது காட்டுமிராண்டித்தனம் என்று அதே சோபாவில் இருந்து அவர் சொல்லி அரை நாள்கூட ஆகவில்லை. ஆனால் இது வாழையிலையில் மடித்த சீட்டு. அதனால் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் குலதெய்வக் கோயிலில் கூடினார்கள். பூசாரி ஓர் இலைத் துண்டில் வெள்ளை அரளியும், இன்னொன்றில் சிவப்பு அரளியும் வைத்து, வெளியே அடையாளம் தெரியாதபடி ஒன்று போலவே கட்டினார். இரண்டையும் தாம்பாளத்தில் போட்டு உருட்டினார். அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

வேலுமணி மூச்சை விட்டாள். குருமூர்த்தி விடவில்லை.

"கற்பூரம் அணையறதுக்கு முன்னாலயே கைய வெச்சிட்டீங்க பூசாரி. இது செல்லாது."

பூசாரி அந்தக் கோயிலில் தலைமுறையாகப் பூக் கேட்டு வருகிறார். கற்பூரத்துக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயில் கும்பாபிஷேகத்துக்கு யார் தயவு வேண்டும் என்பது முன்பே தெரியும். மறுபடி கட்டினார், உருட்டினார், கற்பூரம் தானாக அணையும் வரை காத்திருந்து எடுத்தார்.

வெள்ளை.

"அவ எதுத்தாப்புல நின்னுக்கிட்டு அம்மனையே மொறைச்சுப் பாத்தா. எப்பிடி வேற பூ வரும்? அம்மிணி, நீ அக்கட்டால போய் நில்லு."

வேலுமணி வேப்பமரத்தடிக்குப் போய் நின்றாள். மூன்றாவது பொட்டலம் பிரிந்தது.

சிவப்பு.

"பாத்தீங்களா," என்று குருமூர்த்தி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "அம்மன் சொல்லீட்டா."

"ஏனுங்க, முன்னால ரெண்டு வெள்ளை..." என்று பூசாரி மெல்ல ஆரம்பித்தார்.

"கடைசியாச் சொல்றதுதான் தீர்ப்பு, பூசாரி. கோர்ட்டுலயும் அப்பிடித்தான்."

வேலுமணி மரத்தடியிலிருந்து நடந்து வந்தாள். பங்காளிகள் வழி விட்டார்கள்.

"செவப்பு வராட்டி நாலாந்தடவையும் கேட்டிருப்பீங்களா மாமா?"

"சாமி காரியத்துல ஏட்டிக்குப் போட்டி பேசப்படாது, அம்மிணி."

"சாமிகூட எனக்குச் சண்டையில்லீங்க. அது ரெண்டு தடவ வாயத் தொறந்துச்சு. ரெண்டு தடவையும் மூடுனது நீங்க." குரல் உயரவில்லை. "சேலத்துல ஒருக்காத்தான் கேப்பாங்களாம். வந்தது வந்ததுதானாம். அது எனக்குப் புடிச்சிருக்குது. எந்தப் பூ வந்தாலும் நான் போறதாத்தான் இருந்தேன். உங்க மரியாதைக்காகத்தான் இவ்வளவு நேரம் இங்க நின்னேன். நாளைக்குக் காலைல போறனுங்க."

யாரோ ஒரு பங்காளிக்குச் சிரிப்பு வந்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் வேலுமணி துணிப்பையோடு வாசலில் இறங்கினாள். சென்னிமலை வண்டியை எடுத்து வைத்திருந்தார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உடறேன்," என்றார். பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, அவளுக்குப் பின்னாலேயே சேலம் பஸ்ஸில் ஏறி, இரண்டு டிக்கெட் வாங்கினார்.

சோதனைகள் முடிந்து, அனிதா ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொல்லி, வேலுமணி கையெழுத்துப் போட்டு முடித்த நேரத்தில் அறைக்குள் வெள்ளை வேட்டி ஒன்று நுழைந்தது. குருமூர்த்தி காரில் வந்திருந்தார். நின்றபடியே விசிட்டிங் கார்டை மேஜையில் வைத்தார்.

"நடந்தது நடந்துபோச்சுங்க டாக்டரம்மா. எங்கூட்டுப் பொம்பளைக்கு நல்ல பக்கமாப் பாத்துப் போட்டு உட்ருங்க."

"நல்ல பக்கம் எதுன்னு தெரிஞ்சா இந்த ஆராய்ச்சியே எதுக்குங்க?"

"உங்களுக்குத் தெரியலைன்னா பெரிய டாக்டரக் கூப்பிடுங்க."

"அவருக்கும் தெரியாதுங்க."

இரண்டு டாக்டர்களுக்குத் தெரியாததை ஒரு பண்ணையாரால் தாங்க முடியவில்லை. அவர் ஒரு போன் பேசவேண்டியிருப்பதாகச் சொல்லி வெளியே போனார்.

அனிதா கம்ப்யூட்டரில் விவரங்களைப் பதிந்து, கடைசியாக ஒரு பொத்தானை அமுக்கினார். திரையைப் பார்த்தார். பிறகு வேலுமணியின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"எல்லா முடிச்சையும் எடுக்கற பக்கம் வந்திருக்கும்மா. இப்பவும் நீங்க வேண்டாம்னு சொல்லலாம். உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது."

உள்ளுக்குள் வேலுமணி மற்றதைத்தான் கேட்டிருந்தாள். சென்னிமலை அவள் காதருகே குனிந்தார்.

"இன்னொருக்கா அமுக்கிப் பாக்கச் சொல்லட்டுமா?"

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"அமுக்கறதுக்கு முன்னாலயே சரின்னவ நான்," என்றாள் வேலுமணி. "நாளைக்கு எனக்குக் கால் வீங்குனா அதையும் எழுதுவீங்களா சாமி?"

"வரும்போதெல்லாம் அளந்து எழுதுவோம். வீக்கத்துக்கும் வைத்தியம் பார்ப்போம்."

"எழுதுங்க. பொன்னாயி கால ஆரும் எழுதல."

வார்டுக்குப் போகும் வராந்தாவில் குருமூர்த்தி போனில் இருந்தார். எதிர்முனையில் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "நான்தானுங்க முன்ன நின்னு சேத்து உட்டேன். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கெல்லாம் நம்ம மாதிரிக் குடும்பம் முன்ன வராட்டி நாடு எப்பிடி முன்னேறும்? ஒண்ணுமில்லீங்க, தம்பி சம்சாரத்துக்கு வயித்துல சின்னதா ஒரு கட்டி..."

வேலுமணி நின்றாள். கையை நீட்டினாள். என்ன ஏது என்று யோசிப்பதற்குள் குருமூர்த்தி போனைக் கொடுத்துவிட்டிருந்தார்.

"வணக்கங்க, நான் வேலுமணி பேசறேன். கட்டியில்லீங்க. கர்ப்பப்பையில புத்துநோய். நாளைக்கு ஆப்பரேசன். உங்கூட்டுல ஆருக்காச்சும் தீட்டு நின்னதுக்கப்பறம் ரத்தம் பட்டா, மூடி வெக்காம அன்னைக்கே கூட்டிட்டு வந்து காட்டிருங்க. உங்க பள்ளிக்கோடத்து டீச்சருங்ககிட்டயும் சொல்லிப் போடுங்க. வெச்சர்றனுங்க."

வராந்தா பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.